இரக்கம்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் அறுக்கிறீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?

பிறைநிலா
அஸ்ஸலாமு அலைக்கும். கூட வேலை பாக்குறவர் ஒருத்தர், நம்ம மார்க்கம் இல்ல, ரொம்ப நல்ல மனுஷன், வம்புக்கு இல்லாம நெசமாவே தெரிஞ்சிக்கணும்னு கேட்டார். "எல்லா உயிர்கிட்டயும் இரக்கம் காட்டணும், மனுஷங்க எல்லாரும் சமம்னு உங்க மார்க்கம் சொல்லுதுன்னு சொல்றீங்க, அப்ப ஏன் அறுத்து சாப்பிடுறீங்க, அந்தக் காலத்துல அடிமை வேற இருந்துச்சே"ன்னு. நான் பிஸ்மில்லாஹ்லயே அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன்னு வருது, அதான் எங்களுக்கு அடிப்படைன்னு சொன்னேன். அவர் மரியாதைக்கு தலையாட்டிட்டார், ஆனா அது அவர் கேட்டதுக்கு பதில் இல்லன்னு எனக்கே தெரிஞ்சிது, அன்னிக்கு ராத்திரி பூரா மனசு கெடந்து உறுத்துச்சு. லிங்க் மட்டும் போட்டுட்டு போகாம உங்க வார்த்தையிலயே சொல்லுங்களேன்.

பழையவாசகி
வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. மொதல்ல ஒண்ண சரி பண்ணிக்கோங்க, ஆடும் மனுஷனும் சமம்னு இஸ்லாம் சொல்லல, ஆட்டுக்கும் நம்ம மேல ஹக்கு, அதாவது உரிமை, இருக்குன்னு சொல்லுது. ரெண்டுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. குர்ஆன்ல 6:38 எடுத்துப் பாருங்க, பூமியில நடக்குற எந்தப் பிராணியும், ரெண்டு ரெக்கையால பறக்குற எந்தப் பறவையும் உங்களப் போல சமுதாயங்கள் தான்னு வருது. உங்களப் போலங்கற வார்த்தை இருக்கே, எத்தன தடவ ஓதினாலும் எனக்கு அந்த எடத்துல ஒரு நிமிஷம் நிக்கத் தோணும்.

அறுக்கிறதப் பத்தி நான் கண்ணால பாத்தத சொல்றேன். எங்க அத்தா பக்ரீத் குர்பானி அன்னிக்கு கத்திய முந்தின நாளே தீட்டி ஒரு துண்டுல சுத்தி முதுகுக்குப் பின்னாடி வச்சுக்குவாங்க. மத்த ஆடுங்கள சுவத்துக்கு அந்தப் பக்கம் கட்டிருவாங்க. ஆட்டுக்கு மொதல்ல தண்ணி வைப்பாங்க, அது குடிச்சு முடிச்சு தானா தலைய தூக்குற வரைக்கும் பக்கத்துலயே நிப்பாங்க, யாராச்சும் நேரமாச்சுன்னு சொன்னா கையால சைகை காட்டி நிறுத்திருவாங்க. சின்ன வயசுல எனக்கு ஏன்னு புரியல. அப்புறம் தான் அந்த ஹதீஸ் (நபியோட சொல், செயல் பத்தின செய்தி) படிச்சேன், ஒருத்தர் ஆட்ட படுக்க வச்சுட்டு அது முன்னாடியே கத்திய தீட்டிட்டு இருக்கார், நபி (ஸல்) பாத்துட்டு "அத ரெண்டு தடவ கொல்லப் போறியா"ன்னு கேக்குறாங்க. முஸ்லிம்ங்கற ஹதீஸ் தொகுப்புல இன்னொண்ணு, எல்லாத்துலயும் நல்ல முறையக் கடைப்பிடிக்கணும்னு அல்லாஹ் விதிச்சிருக்கான், அறுத்தாலும் அழகா அறுங்க, கத்திய நல்லா தீட்டிக்கோங்க, பிராணிக்கு சிரமம் கொடுக்காதீங்கன்னு. சாப்பிட அனுமதி இருக்கு, ஆனா அந்த உயிர் பயப்படுறதுக்குக் கூட நாம பொறுப்பு. உயிரோட இருக்குறத கட்டி வச்சு குறி பாத்து அடிக்கிறதையும், மூஞ்சியில சூடு போடுறதையும் தடுத்திருக்காங்க.

அந்த ஒட்டகத்தப் பத்தியும் அவர்ட்ட சொல்லுங்க. நபி (ஸல்) ஒரு அன்சாரியோட (மதீனாவச் சேர்ந்த தோழரோட) தோட்டத்துக்குள்ள போறாங்க, அவங்களப் பாத்ததும் அங்க இருந்த ஒட்டகம் முனகி அழுவுது, கண்ணுல தண்ணி ஊத்துது. கிட்டப் போயி காதுக்குப் பின்னாடி தடவிக் கொடுக்குறாங்க, அது அடங்குது. அதுக்கப்புறம் தான் இது யாரோட ஒட்டகம்னே கேக்குறாங்க.

இபுறாகீம்_மகன்
அக்கா பிராணிங்களப் பத்தி சொல்லிட்டாங்க, நான் அந்த அடிமை விஷயத்துக்கு வர்றேன், இதுல மழுப்பக் கூடாதுங்கறது என் கருத்து. இஸ்லாம் அடிமை முறைய ஒரே நாள்ல ஒழிக்கல, அத ஒத்துக்கிட்டே பேசுங்க. ஆனா அடிமையோட விடுதலைக்கு வழி எங்கெல்லாம் வச்சிருக்குன்னும் பாக்கணும்ல, தெரியாம ஒருத்தர கொன்னுட்டா அதுக்குப் பரிகாரத்துல அடிமைய விடுதலை பண்ணணும் (4:92), சத்தியத்த முறிச்சா அதுக்கும் அது ஒரு வழி (5:89), ஜகாத் (கட்டாய தர்மம்) போய்ச் சேர வேண்டிய 8 வகையில அதுவும் ஒண்ணு (9:60).

எனக்கு ரொம்பப் பிடிச்சது நபித்தோழர் அபூதர் (ரலி) விஷயம். ரபதாங்கற எடத்துல அவர ஒருத்தர் பாக்குறார், அவர் மேல என்ன துணியோ அவரோட அடிமை மேலயும் அதே மாதிரி துணி. ஏன் இப்படின்னு கேட்டதுக்கு அபூதர் தன் தப்பையே சொல்றார். நான் ஒருத்தர அவரோட தாயச் சொல்லி இழிவா திட்டிட்டேன், நபி (ஸல்) "உன்கிட்ட இன்னும் அறியாமைக் காலத்து குணம் இருக்கு"ன்னு சொன்னாங்க, இவங்க உங்க சகோதரர்கள், நீங்க சாப்பிடுறதையே சாப்பிடக் கொடுங்க, உடுத்துறதையே உடுத்தக் கொடுங்க, தாங்க முடியாத வேலை கொடுத்தா கூட நின்னு உதவுங்கன்னு சொன்னாங்கன்னு. புகாரிங்கற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. திட்டு வாங்கினது எப்பவோ, அந்தத் துணி அப்பவும் அவர் வீட்ல ரெண்டு பேர் மேலயும் ஒண்ணா இருக்கு பாருங்க.

அடிமையா இருந்த நபித்தோழர் பிலால் (ரலி) பத்தி உங்க நண்பருக்கே தெரிஞ்சிருக்கலாம். மக்காவுல சுடுமணல்ல படுக்க வச்சு நெஞ்சுல பாறைய ஏத்துன அதே ஊர்ல, ஹிஜ்ரி 8ல (கி.பி. 630) கஃபா மேலயே ஏறி நின்னு பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னவர்.

தோழர்_கடல்
புக்ல எல்லாம் இருக்கு சரி, நம்மாளுங்க எப்படி நடந்துக்கறோம்னு ஒரு ஆள் கேட்டா? நான் முஸ்லிம் தான், கோவத்துல சொல்லல, வருத்தமா இருக்கு. நஜீஸ் (அசுத்தம்)னு சொல்லி நாய கல்லால அடிக்கிற பசங்கள நானே பாத்திருக்கேன், பக்கத்துல நின்ன பெரியவங்க ஒரு வார்த்தை சொல்லல. பாத்திரத்துல நாய் வாய் வச்சா 7 தடவ கழுவுங்கன்னு தான் இருக்கு, அடின்னு எங்க இருக்கு? தாகத்துல நாக்க தொங்கப் போட்டு ஈர மண்ண நக்கிட்டு இருந்த நாய்க்காக ஒருத்தர் கிணத்துக்குள்ள எறங்கி, தோல் காலுறையில தண்ணிய மொண்டு, ரெண்டு கையும் ஏறுறதுக்கு வேணும்ல, அதனால அத வாயால கவ்விட்டு மேல ஏறி வந்து குடிக்க வச்சார், அவருக்கு பாவமன்னிப்பு கெடச்சுதுன்னு நாமதான் பயான்ல (மார்க்கச் சொற்பொழிவுல) கேக்குறோம். அதே மாதிரி பள்ளிவாசல கூட்டிப் பெருக்கிட்டு இருந்த பெண்மணி மவுத்தானத (இறந்துபோனத) சின்ன விஷயம்னு நெனச்சு நபி (ஸல்) கிட்ட சொல்லாம விட்டுட்டாங்க, "ஏன் என்கிட்ட சொல்லல, கப்ர (அடக்கம் பண்ண எடத்த) காட்டுங்க"ன்னு போயி அங்கயே தொழுதாங்க. நம்ம பள்ளிய கூட்டுறவரோட பேரு நம்மள்ல எத்தன பேருக்குத் தெரியும், எனக்கே போன மாசம் வரைக்கும் தெரியாது.

பிறைநிலா
ஜஸாக்கல்லாஹ் ஹைர் எல்லாருக்கும். இன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல அவர்ட்ட பேசினேன். அடிமை விஷயத்துல இபுறாகீம்_மகன் சொன்ன மாதிரி மறைக்காம ஒத்துக்கிட்டே ஆரம்பிச்சேன், அதுக்கப்புறம் தான் அவர் நல்லா காது கொடுத்துக் கேட்டார். யூதர் ஒருத்தரோட ஜனாஸா (இறந்தவர் உடல்) போறப்ப நபி (ஸல்) எழுந்து நின்னு, "அதுவும் ஒரு உயிர் தானே"ன்னு கேட்டதையும் சொன்னேன். கத்திய மறைக்கிறதப் பத்தி சொன்னப்ப சாப்பிடுறத நிறுத்திட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அவர் கேட்டது ஒரே கேள்வி தான், "அந்த ஒட்டகக்காரர என்ன சொன்னாங்க?"ன்னு. அக்கா அத நீங்க எழுதலயே.

பழையவாசகி
என்னோடதுன்னு ஒரு இளைஞர் வர்றார் தம்பி. "அல்லாஹ் உன் கையில ஒப்படைச்ச இந்தப் பிராணி விஷயத்துல நீ அவனுக்கு பயப்பட மாட்டியா, நீ பட்டினி போடுற, ஓயாம வேலை வாங்குறன்னு அது என்கிட்ட முறையிடுது"ன்னு சொன்னாங்க. அபூதாவூத் ஹதீஸ் தொகுப்புல இருக்கு, அவருக்கு அப்படியே சொல்லுங்க.