தேனி, மதுரைப் பக்கம் மேமோகிராம் – உதவி தேவை

அம்மாவுக்கு 54 வயது, ஊர் போடி. பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கட்டி வலிக்காததால் தாமதமாகத்தான் தெரிந்தது. அதனால் அம்மாவும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்துவிட வேண்டும் என்று பொங்கலிலிருந்து கெஞ்சுகிறேன். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்கிறார். கட்டி, வலி, கசிவு எதுவும் இல்லை, உண்மைதான். ஆனால் ஒன்றும் தெரியாதபோதே பார்ப்பதற்குத்தானே இந்தப் பரிசோதனை!

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்காவிடம் பிரஷர், சுகர் பார்க்க மட்டும் உடனே கையை நீட்டிவிடுவார். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் எடுத்துச் சொன்னார், சித்தியும் பேசிப் பார்த்தார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: ஆண் யாராவது எடுப்பாரோ என்ற கூச்சம். பக்கத்து ஸ்கேன் சென்டரில் கேட்டால், "அன்னைக்கு யார் டியூட்டியோ அவர்தான்" என்கிறார்கள்.

தேனி, மதுரைப் பக்கம் பெண் டெக்னீஷியன்தான் எடுப்பார் என்று உறுதியாகச் சொல்லும் இடம் எது?