1886இல் வெள்ளைக்காரரை விசாரிக்கும் தமிழ் நீதிபதி: வரலாறா, திணிப்பா?

பழையஏடு:
குதிரைக்காரரின் கையை முறித்த வெள்ளைத் தோட்ட முதலாளியை, 1886இல், சென்னை மாகாணத்து மாவட்டம் ஒன்றில் தமிழரான செஷன்ஸ் நீதிபதி விசாரிப்பதாகக் கதை சொல்லும் அந்த நகைச்சுவைப் படத்தை நேற்றுப் பார்த்தேன். எல்லாத் தரப்புக்கும் இடம் கொடுத்த படம் என்று இங்கே ஒருவர் மெச்சியிருந்ததை நம்பிப் போனேன். அக்காலத்தில் இந்திய நீதிபதி எவரும் ஐரோப்பியரை விசாரிக்க முடியாது. இல்லாத நீதிபதியை நாற்காலியில் உட்கார வைப்பதற்குத் திணிப்பு என்றுதான் பெயர்.

வழக்காடி:
மெச்சியவன் நான்தான், அதிலிருந்து ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். முத்துசாமி ஐயர் 1870களிலேயே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆகிவிட்டார். மாவட்டங்களில் இருந்த தடையை நீக்கத்தான் 1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. ஐரோப்பியர்கள் கொதித்தெழுந்ததால் அது நீர்த்துப்போனாலும், 1884இல் நிறைவேறிய சட்டம் இந்திய செஷன்ஸ் நீதிபதிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. படம் நடப்பது 1886இல். கழித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

பழையஏடு:
உயர் நீதிமன்றத்தைக் காட்டி மாவட்டத்தை நிரூபிப்பது உங்கள் பழைய வழக்கம். சென்ற மாதம் ஜமீன் வழக்குகளைப் பற்றிப் பேசியபோதும் இதையே செய்தீர்கள். சட்டம் அனுமதித்தது என்பது வேறு, நாற்காலியில் ஆள் இருந்தார் என்பது வேறு. அப்படி ஒருவர் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள்.

வழக்காடி:
1863இல் ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியரான சத்யேந்திரநாத் தாகூர், மாவட்ட நீதிபதியாகப் பணியாற்றியவர்.

பழையஏடு:
அவர் பணியாற்றியது பம்பாய் மாகாணத்தில். நான் கேட்டது சென்னை மாகாணத்துத் தமிழ் நீதிபதியை.

நடுவீதி:
அதே 1884 சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர் கேட்டால் ஜூரியில் குறைந்தது பாதிப் பேர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்க வேண்டும். படத்தில் ஜூரி முழுவதும் உள்ளூர் மிராசுதார்கள்தான். இதை ஏன் இருவரும் விட்டுவிட்டீர்கள்? நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைப் படம் நெடுகத் துபாஷி என்று அழைப்பதும் தவறு. துபாஷி கம்பெனி காலத்து வணிகத் தரகர்.

வழக்காடி:
மக்கள் வாயில் வழங்கிய சொல்லைப் பாத்திரம் பேசுவதில் தவறில்லை. ஜூரியைப் பொறுத்தவரை, அந்த முதலாளி கலப்பு ஜூரி கேட்டதாகப் படத்தில் காட்சியே இல்லை. கேட்காதவருக்குக் கொடுக்க வேண்டியதுமில்லை. பேச்சு நீதிபதியைப் பற்றியது, அதை விட்டு விலக வேண்டாம்.

மூன்றாம்வரிசை:
நீதிபதியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கை முறிந்த குதிரைக்காரருக்குப் படம் முழுவதிலும் எத்தனை வசனம் என்று எண்ணினீர்களா? இரண்டு. அதிலும் ஒன்று "ஆமாங்க துரை". பங்கா என்ற கூரை விசிறியை இழுக்கும் கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர் மூன்று முறை தூங்கி விழுகிறார், மூன்று முறையும் அரங்கு சிரிக்கிறது. 1870களில் ஆக்ராவில் புல்லர் என்ற ஆங்கிலேய வக்கீல் அடித்த குதிரைக்காரர் இறந்துபோனார். அதற்கு விதித்த அபராதம் 30 ரூபாய். குதிரைக்காரருக்குப் பேச இடம் கொடுக்காத படத்தை, மேடையில் கோட்டு போட்டவர் தமிழர் என்பதற்காக நான் கொண்டாட மாட்டேன்.

வழக்காடி:
உங்கள் வருத்தம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் நீதிபதியின் மேசையில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்து, வெள்ளைக்காரரை எழுந்து நின்று பதில் சொல்ல வைத்த அந்தக் காட்சியில் என் அருகிலிருந்த முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைத் திணிப்பு என்று ஒருவர் எழுதினால் நான் பேசாமல் இருக்க முடியாது. சட்டம் 1884, படம் 1886.

மூன்றாம்வரிசை:
குதிரைக்காரரைப் பற்றி நான் கேட்டதற்கு இது பதில் இல்லை.

பழையஏடு:
நான் கேட்டதற்கும் இல்லை. பெயர் எங்கே?

வழக்காடி:
பெயர் கேட்பவர் முதலில் "எவரும் விசாரிக்க முடியாது" என்று தாம் எழுதிய வரியைத் திருத்தட்டும். அதுவரை 1884 என்பதையே இங்கே எழுதிக்கொண்டிருப்பேன்.

பழையஏடு:
திருத்த மாட்டேன். நீங்கள் எழுதிக்கொண்டிருங்கள்.