திங்கட்கிழமை பிறந்தநாள்: பத்மநாபபுரம், சிதறால், வட்டக்கோட்டை ஒரே நாள்ல முடியுமா?

கோட்டாறு மக்கா:
நாங்க 6 பேர், நாகர்கோவில்ல இருந்து ஒரு கார். கூட்டாளிக்குத் திங்கட்கிழமை பிறந்தநாள். காலையில பத்மநாபபுரம் அரண்மனை, மதியம் சிதறால் மலைச் சமணக் குகைக் கோயில், அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம் (கால்வாய்த் தண்ணியை ஆத்துக்கு மேல கொண்டுபோற பாலம்), சாயங்காலம் வட்டக்கோட்டையில கேக். நடக்குமா?

தக்கலைக்காரன்:
மக்கா, முதல்ல கிழமையை மாத்துங்க. திங்கட்கிழமை அரண்மனைக்கு லீவு. இருக்கிறது நம்ம ஊர்னாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. 1956ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்த பிறகும் அப்படித்தான். அதனால கேரளத்து அரசு விடுமுறைகளையும் ஒரு தடவை பார்த்துக்கிடுங்க. ஞாயிறும் வேண்டாம், மரப்படியில ஆள் நின்னு நின்னுதான் நகரும். செவ்வாய் நல்லது.

9 மணிக்குத் திறக்கும்போதே வாசல்ல நில்லுங்க. மதியம் இடைவேளைக்கு மூடுவாங்க. 12 மணிக்கு டிக்கெட் எடுத்தா பாதியில வெளிய வர வேண்டியதுதான். நிதானமா பார்க்க 2 மணி நேரம் ஆகும். செருப்பை வெளிய விடணும். நிலைவாசல் எல்லாம் தாழ்வு, உயரமான ஆளுக தலை பத்திரம். மந்திரசாலையில, அதாவது ராஜா ஆலோசனை நடத்துற மண்டபத்துல, தரையைக் குனிஞ்சு பாருங்க: சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச கறுப்புத் தரை, இன்னும் மினுங்குது.

2 கிலோமீட்டர்ல புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. லிஸ்ட்ல இதை விட்டுட்டீங்களே! 1741 குளச்சல் போர்ல பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவோட படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாயோட கல்லறை கூரையில்லாத தேவாலயத்துக்குள்ள இருக்கு. கல்லுல லத்தீனும் தமிழும். முக்கால் மணி நேரம் போதும்.

மேற்புறத்தான்:
வட்டக்கோட்டையை லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. அது அஞ்சுகிராமம் பக்கம், கிழக்கு ஓரம். சிதறால் மேற்கு ஓரம். நடுவுல 50 கிலோமீட்டருக்கு மேல, அதுவும் சாயங்கால நெரிசல்ல. கோட்டைக்குப் போகும்போது பொழுது சாஞ்சிரும்.

தக்கலையில சாப்பிட்டுட்டு, மார்த்தாண்டம் போகாம அழகியமண்டபத்துல திரும்பி வேர்க்கிளம்பி வழியா தொட்டிப்பாலம் போங்க. 1966ல காமராசர் காலத்துத் திட்டத்துல கட்டினது, 115 அடி உயரம். மேல நடைபாதை ஒடுக்கம், எதிர்ல ஆள் வந்தா ஒதுங்கணும். தலைசுத்துற ஆள் இருந்தா படி இறங்கி ஆத்துல இருந்து அண்ணாந்து பார்க்கட்டும், தூணோட உயரம் அங்கேதான் தெரியும்.

சிதறாலுக்குக் கடைசியா, மூன்றரை மணிக்கு முன்ன அடிவாரம் சேருற மாதிரி. மதியம் ஏறினா பாறைச் சூடு தாங்காது. ரொம்பப் பிந்தினா கேட்டை மூடிருவாங்க. கல் பாவின பாதைதான், ஆனா ஏத்தம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி. 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள் பாறை முகத்துல வரிசையா இருக்கு. படமெடுத்த பாம்புக்குக் கீழ நிக்கிறவர் சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதர். குகைக் கோயில் பிறகு பகவதி கோயிலா மாறினது, அங்கயும் செருப்பு வெளியதான்.

கோட்டாறு மக்கா:
செவ்வாய்க்கு மாத்தியாச்சு. கேக்கை அப்போ சிதறால் மேலயே வெட்டிரலாமா அண்ணே?

தக்கலைக்காரன்:
வேண்டாம். சிதறாலும் வட்டக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறைக் காவல்ல உள்ள சின்னங்கள். எழுத்து அனுமதி இல்லாம விருந்து, கொண்டாட்டம் கூடாது, உள்ள வச்சுச் சாப்பிடவும் கூடாது. கிரீம் கேக்கை வெயில்ல நிக்கிற கார்ல வச்சா மதியத்துக்குள்ள குழம்பாயிரும். தக்கலையிலேயே வாங்கி, சாப்பாட்டுக்கு உக்காருற ஹோட்டல்ல முன்கூட்டியே சொல்லிவச்சு அங்க வெட்டுங்க. மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் கையில இருக்கட்டும், அதைத்தான் எல்லாரும் மறப்பாங்க.