எருமைப் படத்தின் மேல் வெள்ளையாகப் படிகிறது, பூஞ்சையா? உதவி தேவை

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். உயிரெழுத்து 12-க்கும் கலர் பென்சிலில் ஒவ்வொரு உயிரினமாக வரைந்து அக்கா மகளுக்கு ஒரு ஓவிய நோட்டு செய்துகொண்டிருக்கிறேன். அ-வுக்கு அணில், ஆ-வுக்கு நம்ம கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமை, எ-வுக்கு எருமை. எருமைதான் இப்போது பிரச்சினை. கறுப்புப் பென்சிலை நல்லா அழுத்தி, தோல் மினுங்கும் வரைக்கும் தீட்டினேன், முடித்த அன்றைக்கு அருமையாக இருந்தது, இப்போது திறந்து பார்த்தால் முதுகும் வயிறும் திருநீறு பூசினது போல மங்கிக் கிடக்கிறது. மேலே தீட்டினால் பென்சில் வழுக்குகிறது, நிறம் ஏறவில்லை. எதிர்ப் பக்கத்திலும் கறுப்பு ஒட்டியிருக்கிறது. வீடு தேவனாம்பட்டினம், கடல் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அப்புறம் அணில் முதுகில் பழுப்புக்கு மேல் வெள்ளைப் பென்சிலால் போட்ட கோடு தெரியவே இல்லை. ரெண்டையும் சரி செய்ய வழி சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை டீச்சர்:
தம்பி, முதலில் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூஞ்சை என்றால் புள்ளி புள்ளியாக, சில இடத்தில் பஞ்சு மாதிரி, நிறமே தீட்டாத வெற்றுத் தாளிலும் இருக்கும், முகர்ந்தால் மக்கின வாடை வரும். அப்படி இருந்தால் துடைக்காதீர்கள், மற்றப் பக்கங்களுக்கும் பரவிவிடும், அந்தத் தாளைப் பிரித்துத் தனியாகக் காய வையுங்கள். அழுத்தித் தீட்டின இடத்தில் மட்டும் மெல்லிய படலமாக இருந்தால் அது பென்சிலில் உள்ள மெழுகு. நிறத்தூளைப் பிடித்து வைக்கிற மெழுகு, கனமாகத் தீட்டும்போது நாளாக நாளாக மேலே கசியும். எல்லா நிறத்திலும் நடப்பதுதான், கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணில் படும். பழைய பருத்தித் துணியை விரலில் சுற்றி ஓரத்தில் லேசாகத் துடைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:
துடைத்தேன் டீச்சர், பழைய கறுப்பு அப்படியே வந்துவிட்டது! வெற்றுத் தாளில் ஒன்றுமில்லை, வாடையும் இல்லை. ஆனால் அந்த வெள்ளைப் படலம் திரும்ப வருமா?

லாஸ்பேட்டை டீச்சர்:
அப்படியே விட்டால் வரும். துடைத்த கையோடு ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரே, அதாவது தீட்டின நிறத்தைத் தாளோடு பிடித்து வைக்கிற தெளிப்பு, அடியுங்கள். மொட்டை மாடியில், எதிர்ப் பக்கத்தைத் தாள் போட்டு மூடிவிட்டு, ஒரு அடிக்குக் குறையாத தூரத்தில் இருந்து மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று. மழை மூட்டமான நாளில் மட்டும் வேண்டாம், காற்றின் ஈரத்தில் அந்தப் பூச்சே வெளுத்துப் போகும். பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைத்தால் எதிர்த்தாளில் ஒட்டாது.

முத்தியால்பேட்டை பென்சில்:
டீச்சர் சொன்னது சரி. வழுக்குவதற்குக் காரணம், தாளின் சொரசொரப்பு முழுவதும் மெழுகால் அடைபட்டுவிட்டது, நிறம் உட்கார இடம் இல்லை. இனி கறுப்பு விலங்கு வரைந்தால் கறுப்பில் தொடங்காதீர்கள் தம்பி. கருநீலம், அதன்மேல் அடர் பழுப்பு, கூரான முனையால் அழுத்தாமல் திரும்பத் திரும்ப. அதிலேயே பாதிக் கறுப்பு வந்துவிடும், கடைசியில் நிழல் விழும் இடத்தில் மட்டும் கறுப்பு. எருமைத் தோலில் வெயில் பட்டால் தெரிகிற நீலச் சாம்பல் இப்படித்தான் கிடைக்கும், வெறும் கறுப்பில் எருமை ஓட்டை மாதிரி தட்டையாகத் தெரியும். அழுத்தி மினுக்குவதை எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். செலவு செய்ய முடிந்தால் பாலிக்ரோமோஸ் மாதிரி எண்ணெய் அடிப்படைப் பென்சிலில் நாலைந்து அடர் நிறம் மட்டும் தனியாக வாங்குங்கள், அதில் இந்தப் படலம் வராது.

அணில் கோட்டுக்கு: வெள்ளைப் பென்சில் அடர் நிறத்தை மறைக்காது. தாளின் வெள்ளையைத்தான் காப்பாற்ற வேண்டும். நிறம் தீட்டும் முன்பே மை தீர்ந்த பேனா முனையால் மூன்று கோட்டையும் அழுத்திக் கீறிவிடுங்கள், பிறகு பென்சிலைச் சாய்த்துத் தீட்டினால் பள்ளத்துக்குள் நிறம் இறங்காது. மீசைக்கும் இதே வழி.

கெடிலக்கரை:
அணிலை ஏற்கெனவே தீட்டியாச்சே அண்ணா, அதற்கு?

முத்தியால்பேட்டை பென்சில்:
செலோ டேப்பை கோட்டின் மேல் மெதுவாக வையுங்கள், ஒட்டி அழுத்த வேண்டாம். பேனா முனையால் கோடு வரும் இடத்தில் மட்டும் டேப்பின் மேல் கீறிவிட்டு எடுத்தால் அந்த அளவுக்கு நிறம் டேப்போடு வந்துவிடும். புது டேப் துண்டு மாற்றி மாற்றி செய்யுங்கள். வேறு தாளில் பழகிவிட்டுச் செய்தால் நல்லது, மெல்லிய தாள் என்றால் தோல் உரிந்துவிடும். அதற்கு மேல் வெள்ளை ஜெல் பேனாவில் நடுவில் மட்டும் ஒரு கோடு போதும்.

கெடிலக்கரை:
கிழிசல் தாளில் பார்த்தேன், வருகிறது. ஸ்ப்ரேவுக்கு முன்னாடி டேப்பா, பின்னாடியா?

லாஸ்பேட்டை டீச்சர்:
முன்னாடி. ஸ்ப்ரே காய்ந்த பிறகு நிறம் பெயராது. ஜெல் பேனா மட்டும் ஸ்ப்ரேவுக்குப் பிறகு, கடைசியாக.