இஃப்லி தேவாலயம்: ஒரே கட்டடத்தில் இரண்டு வகை வளைவு ஏன்?

கானாடுகாத்தான் ஆச்சி:
மகள் பேறுகாலத்துக்காக ஆக்ஸ்ஃபோர்டு போய் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊருக்கு வந்தேன். சாயங்காலம் தேம்ஸ் ஆற்றங்கரையோடு நடக்கப் போவோம், அப்படி ஒருநாள் இஃப்லி என்ற கிராமத்தில் புனித மரியாள் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். 1160-களில் கட்டியதாம், ஆனால் நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பும் பட்டாலையும் (முன்கூடமும்) சேர்ந்த அளவுதான் இருக்கும். மேற்கு வாசலைச் சுற்றி ரம்பப்பல் மாதிரி கோணல் கோணலாகச் செதுக்கல், அதற்குள் வரிசையாகப் பறவைத் தலைகள் அலகால் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. தேவாலய வாசலில் எதற்கு இந்தப் பூதகணம்? இன்னொன்று, முன்பக்க வளைவெல்லாம் அரைவட்டம், பீடத்துப் பக்கம் போனால் கூராகிவிடுகிறது. இரண்டு பேர் கட்டினார்களா? அப்புறம் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை வருகிற கூட்டமே கொஞ்சம்தான் என்றாள் மகள், பராமரிப்புச் செலவை யார் பார்க்கிறார்கள், நம் நகரத்தார் கோயில்களைப் போல் புள்ளி வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது) உண்டா?

கொத்தனார் பேரன்:
ஆச்சி, இரண்டு பேர் இல்லை, இரண்டு காலம். 1066-இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பரவியது இந்த அரைவட்ட வளைவும் கனத்த சுவரும். நீங்கள் சொல்லும் ரம்பப்பல்லும் அவர்கள் பாணிதான், அலகுத் தலைகளும் அப்படியே, நம் மகரதோரணத்து யாளியைப் பார்த்து யாரும் பூதம் என்று பயப்படுவதில்லையே. இஃப்லியில் கிழக்குக் கோடியை 1230 வாக்கில் நீட்டினார்கள், அதற்குள் கூர்வளைவு வந்துவிட்டது.

ஏன் மாறியது என்பதுதான் ருசியான விஷயம். அரைவட்டத்தில் அகலத்தில் பாதிதான் உயரம், கொத்தன் நினைத்தாலும் மாற்ற முடியாது. செவ்வகமான ஓர் அறைக்கு மேல் கல்லால் கூரை வளைக்கும்போது நீளப் பக்கம், அகலப் பக்கம், மூலைவிட்டம் மூன்றுக்கும் மூன்று உயரம் வந்து நிற்கும். கூராக்கினால் எந்த அகலத்துக்கும் வேண்டிய உயரம் கொடுக்கலாம், பாரமும் பக்கவாட்டில் தள்ளுவது குறைந்து கீழே இறங்கும். பிறகு சுவரை மெலிதாக்கிச் சன்னலைப் பெரிதாக்கினார்கள். நம் கோயில்களில் இந்தப் பாடே இல்லை, தூண், அதன்மேல் உத்திரம், அதன்மேல் பாவுகல், அவ்வளவுதான். ஆனால் கல் உத்திரம் நீண்டால் நடுவில் விரிசல் விடும், அதனால்தான் மண்டபத்தில் இரண்டு எட்டுக்கு ஒரு தூண் நிற்கிறது.

நேமத்தான்:
“1160-களில் கட்டியது” என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேற்கு முகப்பில் வாசலுக்கு மேலே உள்ள வட்டச் சன்னல் 1856-இல் வைத்தது. அதற்கு முன் அங்கே 15-ஆம் நூற்றாண்டுச் சன்னல் இருந்தது, அதை எடுத்துவிட்டுப் பழைய வட்டத்தின் தடத்தைப் பார்த்து மறுபடி வட்டமாக்கினார்கள். விக்டோரியா காலத்தில் நாடு முழுக்க இந்தத் திருப்பணிதான், “உண்மையான பழமை” இதுதான் என்று ஒரு நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைப் பெயர்த்துப் போட்டார்கள். அந்தக் கோபத்தில் வில்லியம் மாரிஸ் என்ற ஆங்கிலக் கவிஞர், கைவினைக் கலைஞர் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்: ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு, புதிதாகப் பழசு செய்யாதே.

கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நம் முன்னோர் பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தைக் கொண்டுவந்து ஊர் ஊராகத் திருப்பணி செய்தார்கள். நகரத்தாரின் பிரிவுகளுக்கு உரிய நகரக்கோயில் ஒன்பதில் பலவற்றில் இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காலத்துக் கருங்கல்தான். அவற்றில் ஒன்றான பிள்ளையார்பட்டியில் குடைவரை மலைக்குள் இருந்ததால் தப்பியது. சொன்னால் வீட்டில் திட்டுவார்கள், ஆனாலும் நம்மூரில் ஒரு மாரிஸ் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

கொத்தனார் பேரன்:
அண்ணே, மாரிஸ் தேவாலயத்தைப் பார்த்துப் பேசினார், கோயிலில் பின்னமான கல்லை வைத்துப் பூசை பண்ண முடியாதே. ஆகம விதி வேறு, அதைத் தனி இழையில் சண்டை போடுவோம்.

பாடகர் குழு:
நான் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), ஆலயத்து விஷயம் கொஞ்சம் தெரியும். இப்போது அது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயம், ஆனால் கட்டும்போது அப்படிக் கிடையாது ஆச்சி, லத்தீன் பூசை நடந்த கத்தோலிக்க ஆலயம். 1534-இல் எட்டாம் ஹென்றி தன்னையே சபைக்குத் தலைவர் ஆக்கிக்கொண்டார், அவர் மகன் ஆறாம் எட்வர்டு காலத்தில் சொரூபங்களை எடுத்தார்கள், 1549-இல் ஆங்கிலத்தில் பொது ஜெப புத்தகம் வந்தது. அதுவரை இந்த ஆலயங்களின் உட்சுவரெல்லாம் நம் ஊர்க் கோயில் விதானம் மாதிரி வண்ணம் பூசியிருந்தவை, அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். யார்க்‌ஷையரில் பிக்கரிங் என்ற ஊரில் 1852-இல் சுவரைச் சுரண்டியபோது ஓவியங்கள் வெளியே வந்தன. குருவானவருக்குப் பிடிக்கவில்லை, மறுபடி வெள்ளை அடித்துவிட்டார்! பிறகு எடுத்துப் புதுப்பித்தார்கள்.

செலவு விஷயம். பழைய வழக்கப்படி சனம் நிற்கும் கூடம் சேகரத்தாரின் (அந்த ஆலயத்தைச் சேர்ந்த ஊராரின்) பொறுப்பு, பீடப்பகுதி தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்கும் குருவானவரின் பொறுப்பு. பின்னாளில் அந்தத் தசமபாக நிலம் கைமாறியபோது பீடப்பகுதியைப் பழுதுபார்க்கும் கடனும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டே போனது. ஆஸ்டன் கான்ட்லோ என்ற ஊரில் அப்படிப்பட்ட நிலம் வைத்திருந்த குடும்பம் வழக்காடி, 2003-இல் அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. புள்ளி வரி தலைக்கட்டைப் பார்த்து வரும், இது மண்ணைப் பார்த்து வரும். மற்றபடி இப்போது காணிக்கை, மானியம், ஊர்க்காரர்கள் நடத்தும் தேநீர் விற்பனை, இவைதான். ஆராதனை நின்றுபோன ஆலயங்களுக்கு 1969-இலிருந்து ஓர் அறக்கட்டளை உண்டு, முந்நூற்றைம்பதுக்கு மேல் அதன் கையில் இருக்கின்றன.

கானாடுகாத்தான் ஆச்சி:
எல்லாருக்கும் நன்றி. தெற்குப் பக்கம் வெளியே ஏதோ அடைபட்ட வளைவு மாதிரி ஒன்று பார்த்தேன், யாரோ ஒரு பெண் அங்கே அடைந்து கிடந்ததாக மகள் சொன்னாள், நிஜமா?

பாடகர் குழு:
நிஜம். அன்னோரா. 1232 முதல் 1241 வரை ஆலயச் சுவரை ஒட்டிய சிற்றறையில் வாழ்ந்த துறவி, பெரிய பிரபு வீட்டுப் பெண். அவர் தாயையும் தம்பியோ அண்ணனோ ஒருவரையும் ஜான் மன்னர் 1210-இல் சிறையில் பட்டினி போட்டுக் கொன்றார். அந்த ஜானின் மகன் மூன்றாம் ஹென்றிதான் இவருக்கு விறகும் துணியும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கானாடுகாத்தான் ஆச்சி:
அடப்பாவமே. அடுத்த தடவை போகும்போது அந்த இடத்தைத் தேடி நின்று பார்க்கிறேன். படங்கள் மகளின் போனில் இருக்கின்றன, அனுப்பியதும் போடுகிறேன்.