இலங்கைத் தோட்டங்களில் களப்பணிப் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (புனலூர்):
வணக்கம். கல்லூரியில் மானிடவியல் எடுக்கிறேன். எம்.ஏ. பிள்ளைகளை அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு இரண்டு வாரக் களப்பணிக்குக் கூட்டிப் போக வேண்டும். யாரும் வெளிநாடு பார்த்ததில்லை. எப்படித் தயார்ப்படுத்துவது?

பதில் (செங்கோட்டை):
சார், முதல் களம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களுக்காகத்தானே அங்கே மறுவாழ்வு ரப்பர்த் தோட்டமே வந்தது! குளத்துப்புழைப் பக்கம் ஒரு வாரம் பேசிப் பழகட்டும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெயரோடு அட்டனில் இறங்கும் பிள்ளைக்குக் கேட்க உண்மையான கேள்வி இருக்கும். இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பதில் (திருவனந்தபுரம்):
சுற்றுலா விசாவில் ஆய்வு வேண்டாம். பேராதனை மாதிரி அங்குள்ள பல்கலைக்கழகத்தோடு முன்பே பேசி அழைப்புக் கடிதம் வாங்குங்கள். நெறிமுறைக் குழு ஒப்புதல் தனி.

தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் தேவைதான். ஆனால் துரை (தோட்ட மேலாளர்) சரி சொல்லிவிட்டார் என்பதற்காகத் தொழிலாளி வீட்டுக்குள் நுழையக் கூடாது. அவரவர் சம்மதம் வேண்டும். பெண்கள் பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து சமைக்க வேண்டும், நேரத்தை அவர்களே சொல்லட்டும். அப்புறம், லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு ஒரே சுவர். சம்பளம், நிர்வாகம் பற்றிய பேச்சை அங்கே எடுக்காதீர்கள். குறிப்பேட்டில் உண்மைப் பெயரும் வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஜூனில் போகலாமா?

பதில் (செங்கோட்டை):
வேண்டாம் சார், தென்மேற்குப் பருவமழையில் மண்சரிவு பயம். பிப்ரவரி நல்லது.