வலை இழுக்கிற பிள்ளையிட்ட "தியாகம் செய்" எண்டு சொல்லுறது எப்பிடி? (தரம் 10, 11 பிள்ளைகளோட அனுபவங்கள், ஆளுக்காள் எழுதினது)

உப்புவெளிக் கணக்கு:
என்ட கணித வகுப்பில ஒரு தரம் 11 பொடியன். மாதிரிச் சோதனையில கணிதம் 19. விடியக் கரைவலை இழுத்துப்போட்டு, முதலாம் பாடம் முடியத்தான் வகுப்புக்கு வருவான். "அண்டைக்கு 27,000 ரூபாய்க்கு மீன், சம்மாட்டிக்கு (வலைக்காரருக்கு) பாதி, மிச்சம் 18 பேருக்கு" எண்டு கேக்க, வாய் மூடமுன்னம் "750" எண்டான். அதே பிள்ளை வினாத்தாளில பின்னக் கணக்கை வெறுமையா விட்டிருந்தான். இதுதான் மனசை விட்டுப் போகுதில்லை.

இவையளுக்குப் "படி, படி" எண்டு சொல்லி வேலையில்லை. கணக்காச் சொல்லோணும். சாதாரண தரத்தில எஸ் (சாதாரண சித்தி) எடுக்க நூற்றுக்கு 35. ரெண்டு தாளும் சேர்ந்து 200, ஆக 70 தேவை. முதலாம் தாள் ஏ பகுதியில 25 கேள்வி, ஒண்டுக்கு 2 புள்ளி; 17 சரியெண்டால் 34. ரெண்டாம் தாளில வரைபு, புள்ளிவிபரம், கேத்திரகணித அமைப்பு மூண்டையும் பழகினால் ஒரு 22 வரும். மிச்சம் 14ஐ முதலாம் தாள் பி பகுதியில படிமுறைப் புள்ளியாப் பொறுக்கலாம். விழுகிற இடம் எப்பவும் ரெண்டுதான்: இடை காணேக்க நடுப்பெறுமானத்துக்குப் பதிலா வகுப்பாயிடையின்ட மேல் எல்லையைப் பெருக்குறது. அமைப்பில கவராயத்தால கீறின வில்லுக்கோட்டை அழிச்சுப்போட்டு "வடிவாக்கி" வைக்கிறது. அந்தக் கோட்டை அழிச்சால் புள்ளியும் போச்சு.

தியாகம் எண்டு அவனிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டு. பள்ளி நாளில வலை வேண்டாம், சனி ஞாயிறு போ, 10 கிழமைக்கு.

ஓய்வுபெற்ற பகுதித்தலைவர்:
35ஐ இலக்காக் குடுத்தது பிழை, தம்பி. உயர்தரம் போக ஆறு பாடச் சித்தியில மூண்டு சி (திறமைச் சித்தி) வேணும். ஒரு சி-க்கு 50. கணிதத்தில 35க்கு மல்லுக்கட்டுற பிள்ளைக்கு அந்த மூண்டு சி எங்கயிருந்து வரப்போகுது எண்டு முதல்ல பாருங்கோ. சமயம், தமிழ், தொகுதிப் பாடத்தில (பிள்ளை தெரிஞ்செடுக்கிற பாடங்களில) ஒண்டு எண்டு பேர் குறிச்சு நேரத்தை ஒதுக்கோணும். கணிதத்திலயே பத்துக் கிழமையும் போனால், எஸ் வந்தும் உயர்தரம் இல்லை.

கிண்ணியா வாசி:
போன் விஷயம். தெரிஞ்ச ஒரு புள்ளையிட உம்மா போனைப் பூட்டி வச்சிட்டா, "படிக்கிற பிள்ளைக்கு இது ஹராம் மாதிரி" எண்டு. ஆனா ரியூசன் டியூட் (பயிற்சித் தாள்) எல்லாம் வாட்ஸ்அப்பிலதான் வருது. மூண்டு கிழமையா அந்தப் புள்ளையிட்ட ஒரு டியூட்டும் இல்ல. பஸ் ஹோல்ட்டில நிண்டு கூட்டாளிட கொப்பியைப் பார்த்து, மடியில வச்சு எழுதிக்கொண்டிருந்தா.

பறிக்கிறதை விட நேரம் குறிக்கிறது நல்லம். இரவு 8 தொடக்கம் 8.30 வரைக்கும் டியூட்டை இறக்கி, கொப்பியில எழுதி, போனை உம்மாட கையில குடுக்கிறது. சார்ஜர் படுக்கிற அறைக்குள்ள இருக்கக் கூடாது. அறைக்குள்ள சார்ஜர் இருந்தால் "பற்றரி பார்க்கிறன்" எண்டு போய் ஒரு மணி நேரம் இருப்பாங்க.

உவர்மலை 11:
எல்லாரும் சாதாரண தரத்தோட நிக்கிறீங்க. பெரிய தவறு அதுக்குப் பிறகுதான். தெரிஞ்ச ஒரு பிள்ளை கூட்டாளி போனான் எண்டு உயிரியல் எடுத்தான், கதை அவ்வளவுதான். இப்ப கேளுங்கோ. மருத்துவம், பொறியியல் மாதிரியான கற்கைகளுக்குப் பல்கலைக்கழக இடங்களில 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டத் திறமை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. எங்கட திருகோணமலையும் அந்தப் பட்டியலில இருக்கு. கலைப்பிரிவு அகில இலங்கைத் திறமையில போகுது, மாவட்டம் கைகுடுக்காது. பல்கலைக்கழகத்துக்கு எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி எண்டது ஒரு பாடத்துக்கு இருந்த எல்லாரின்ட சராசரியோட உங்கட புள்ளியை ஒப்பிட்டு வாறது. மூண்டு பாடத்தின்ட சராசரியை எடுப்பினம். அதால ஒரு பாடத்தில 70 எடுக்கிறதும் இன்னொரு பாடத்தில 70 எடுக்கிறதும் ஒரே பெறுமதி இல்லை. யாழ்ப்பாணம், கொழும்பு எண்டு மாறிப் படிக்கப் போறவை, மாவட்டத்தை எப்பிடித் தீர்மானிக்கினம் எண்ட பகுதியைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில வாசிச்சுப்போட்டுப் போங்கோ. போன பிறகு வாசிச்சுப் பிரயோசனமில்லை. பல்கலைக்கழகம் போறதுக்கெண்டு உயர்தரத்துக்கு மூண்டு முறைதான் தோற்றலாம் எண்டதையும்...

சீனக்குடா பட்டறை:
அண்ணே, அவர் கேட்டது வலை இழுக்கிற பொடியனைப் பற்றி.

மூண்டாம் முறையும் உயர்தரம் எழுதிப்போட்டு 22 வயசில பயிற்சிக்கு வந்தவன் ஒருத்தன், பதிவுப் படிவத்தில "தகைமை" எண்ட இடத்தில பேனையை வச்சபடி அஞ்சு நிமிசம் இருந்தான். தொழிற்பயிற்சி எண்டால் தோத்தவன் போற இடம் எண்டு வீட்டில சொல்லிச் சொல்லி வளர்த்தது. தேசிய தொழிற்தகைமையில 3, 4 கைவினைஞர் மட்டம், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். இந்த ஏணியை தரம் 11லயே காட்டியிருந்தால் தானே தெரிஞ்செடுத்திருப்பான். தியாகம் எண்டு பேசுற நாங்கள் பிள்ளையின்ட வருசங்களைக் கணக்கில எடுக்கிறதில்லை.

உப்புவெளிக் கணக்கு:
பகுதித்தலைவர் சேர், சி பற்றிச் சொன்னது சரி, கால அட்டவணையை மாத்தியாச்சு. கிழமைக்கு கணிதம் 4 மணித்தியாலம், தமிழ் 3, சமயம் 2, நீருயிரின வளத் தொழினுட்பவியல் (மீன்பிடியும் வாற பாடம்) 3. கடைசிப் பாடத்தைத் தொகுதிப் பாடமா அவன் ஏற்கெனவே எடுத்திருக்கிறான் எண்டது ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. வலைக் கண்ணியளவு பற்றின கேள்விக்கு வகுப்பில அவன் ஒருத்தன்தான் கை தூக்குறானாம்.